டம்டம் எல்லா நாளும் வடக்கேதான்

கல்கத்தாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தூரம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினைந்தரை மணி. இப்படி ஒரு தாளைக் கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்து எடுத்துக்கொண்டு மாடி வீட்டு சோமா போன வாரம் என்னிடம் இறங்கி வந்தாள். அவளுடைய மாமியார் அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார். டாக்குரியாவில் எங்கள் தெருவில் யார் விமானம் ஏறினாலும் டிக்கெட்டை என்னிடம் காட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள். முப்பத்தைந்து வருடம் டிராவல் ஏஜென்சியில் குப்பை கொட்டியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் இவ்வளவு மரியாதை மிச்சம் இருக்கிறது.

"மேஷோ, பதினஞ்சரை மணி நேரம்னு போட்டிருக்கே, டிக்கெட்டுல மட்டும் ஏன் ஒண்ணரை நாள் ஆகுது?" என்று கேட்டாள். மேஷோ என்றால் வங்காளிகளுக்குச் சித்தப்பா.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்தத் தாள் மேல். எந்தப் பறவை இந்தப் பதினைந்தரை மணி நேரத்தில் போகிறது? கல்கத்தாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேராகப் போகும் விமானம் ஒன்றுகூடக் கிடையாது. இல்லாத விமானம் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஹால்தார் பாபு இருந்திருந்தால் தாளைக் கிழித்துப் பொரி மடித்திருப்பார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பா கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் பி.காம். முடித்து, தட்டச்சும் கற்று, சும்மா இருந்த ஒரு வருடத்தை அவர் தாங்காமல் பவானிபூரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் சேர்த்துவிட்டார். முதல் மூன்று மாதம் கோப்பு அடுக்கினேன், அடுத்த மூன்று மாதம் தொலைபேசி எடுத்தேன். அதன் பிறகு டிக்கெட் பிரிவில் ஹால்தார் பாபுவுக்கு எதிர் மேஜை கிடைத்தது. என் பயிற்சி அவ்வளவுதான்.

ஹால்தார் பாபுதான் பிரிவுத் தலைவர். ஒல்லியான உடம்பு, நவம்பர் பிறந்ததும் தலையில் ஏறும் குரங்குக் குல்லா, சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பென்சில். எழுதுவதற்கு முன்னால் பிளேடால் பென்சிலைச் சீவுவார். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சீவல் முடியாமல் நிமிரமாட்டார். மேஜை மேல் ஒரு பழைய பூகோள உருண்டை இருந்தது. மூடிப்போன ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்தது. ஆப்பிரிக்காப் பக்கம் சொட்டை விழுந்திருக்கும். சோவியத் யூனியன் உடைந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்த உருண்டையில் ஒரே துண்டாகத்தான் இருந்தது. புடவைக்கடைப் பொட்டலம் கட்டி வந்த நூலை அதன் மேல் இழுத்துப் பிடித்துத் தூரம் அளப்பார்.

தூரத்தை அளந்ததும் அதை ஒதுக்கிவிடுவார். "இது கடவுளுக்கான தூரம். பாசெஞ்சருக்கு வேற" என்பார். பிறகு செங்கல் கனத்தில் இருக்கும் டைம்டேபிள் புத்தகத்தைப் புரட்டிப் பறக்கும் நேரத்தை எடுப்பார். இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிப்பார். கடைசியாக, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை மொத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்கு. அதில் டம்டம் விமான நிலையம் போகிற வழியில் ஊர்வலம் வந்தால் ஆகும் நேரமும் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் எழுதி, அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு வரி சேர்ப்பார்: வீட்டில் கடைசிச் சாப்பாடு எந்தக் கிழமை, எந்த வேளை.

சீட்டை எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. யார் பறக்கப் போகிறாரோ அவரே அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். மகன் படித்தால் ஒத்துக்கொள்ள மாட்டார், கணவன் படித்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். "டிக்கெட் யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டப் பேசு, ஷுந்தொரோம். கூட வந்தவங்க ஏர்போர்ட்லேர்ந்து வீட்டுக்குத் திரும்பிடுவாங்க" என்பார். சுந்தரம் என்ற என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் உருண்டு வரும்.

இவ்வளவு சடங்கு எதற்கு என்று நான் முணுமுணுத்த நாட்கள் உண்டு. பவானிபூர் ஜவுளி வியாபாரி ஒருவர் லண்டன் போய் வந்த பிறகுதான் கொஞ்சம் புரிந்தது. காலை எட்டு மணிக்கு இங்கே ஏறி மதியம் ஒரு மணிக்கு அங்கே இறங்கினார். திரும்பும்போது மதியம் ஒரு மணிக்கு அங்கே ஏறியவர் விடிகாலை ஐந்து மணிக்கு இங்கே இறங்கினார். கைக்கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு ஒழுங்காகத் திருப்பி வைத்திருக்கிறார், வித்தியாசத்தைக் கழிக்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. நேராக ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார். "போறப்ப அஞ்சு மணி நேரம், வர்றப்ப பதினாறு மணி நேரம். அடுத்த தடவை போறப்ப ஓட்டின டிரைவரையே வர்றப்பவும் போடச் சொல்லுங்க" என்றார். ஹால்தார் பாபு சிரிக்கவில்லை. பென்சிலைச் சீவி, "டிரைவர் பெயர் தெரியுமா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜனவரி. லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த மாரியப்பன் அண்ணாச்சி மனைவி செல்லம்மாளோடு ஆபீசுக்கு வந்தார். சங்கரன்கோயில் பக்கத்துக்காரர்கள். கல்கத்தாத் தமிழர்களில் பாதிப் பேருக்கு அப்பளமும் பெருங்காயமும் அவர் கடைதான். ஒரே மகள் கோமதி, சான் பிரான்சிஸ்கோவில் இருந்தாள். முதல் பிரசவம், ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று டாக்டர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை, அங்கே காலை எட்டு மணி. மருமகன் புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அம்மா வராமல் உள்ளே போகமாட்டேன் என்று கோமதி போனில் அழுகிறாள். செல்லம்மாள் விமானத்தைக் கிட்டத்தில்கூடப் பார்த்தவர் இல்லை.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லண்டன் வழியா சீட் இருக்கு அண்ணாச்சி. திங்கக்கிழமையே போய்ச் சேர்ந்துடலாம்" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை மேற்கே சூலமுல்லா தம்பி" என்றார் அண்ணாச்சி.

நாங்களும் வீட்டில் தினசரி காலண்டர் கிழித்தவர்கள்தான். எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் ஒரு திசையில் சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது. ஞாயிறும் வெள்ளியும் மேற்கு, திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாயும் புதனும் வடக்கு, வியாழன் தெற்கு. சங்கரன்கோயிலிலிருந்து மதுரைக்குப் போகிறவருக்கு இது போதும். சான் பிரான்சிஸ்கோ போகிறவருக்கு?

"அமெரிக்கா எந்தத் திசை?" என்று அண்ணாச்சி கேட்டார். ஹால்தார் பாபு சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நான் அவருடைய உருண்டையைத் தூக்கி வந்து நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் கல்கத்தாவிலிருந்து கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. சீனாவைக் கடந்து, சைபீரியாவைத் தொட்டு, அலாஸ்கா ஓரமாக இறங்கியது.

"பாத்தீங்களா, ஏறக்குறைய நேர் வடக்கு. அப்ப ஞாயித்துக்கிழமை போறதுல தோஷமே இல்லை" என்றேன். கண்டுபிடித்த பெருமை எனக்குத் தாங்கவில்லை.

அண்ணாச்சி நூலையே பார்த்தார். "பிளேன் நூல் மேலயா போவுது? முதல்ல லண்டனுக்குத்தான போவுது? அது மேற்குத்தான?"

என் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் கவிழ்ந்தது. அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் உலகத்தைச் சுற்றினோம். சிங்கப்பூர் வழியாகப் போனால் கிழக்கு, திங்கள் ஆகாது. டெல்லி வழியாகப் போனால் வடக்கு, செவ்வாயும் புதனும் ஆகாது. கடைசியில் ஒரு வழி அகப்பட்டது. சிங்கப்பூர் வழி, செவ்வாய்க்கிழமை, புறப்பாடு 00.40. செவ்வாய்க்குக் கிழக்கே சூலம் இல்லை. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நேரமும் செல்லம்மாள் பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தார்.

டிக்கெட் எழுதினேன். நம்ம ஆட்கள் ஆயிற்றே என்று சீட்டைத் தமிழிலேயே எழுதினேன். "செவ்வாய் ராத்திரி 12.40" என்று அழகாக எழுதி அண்ணாச்சி கையில் கொடுத்தேன். திசை பார்த்த மும்முரத்தில் கடைசிச் சாப்பாட்டு வரியை விட்டுவிட்டேன். வாய்விட்டுப் படிக்கவும் சொல்லவில்லை. நம்ம ஆளுக்கு அதெல்லாம் எதற்கு என்று தோன்றியது.

எங்கள் ஆபீசில் இன்னொரு வழக்கம் இருந்தது. முதல் முறை பறப்பவர் கிளம்பிய மறுநாள் காலை வீட்டுக்கு போன் செய்து விசாரிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அண்ணாச்சி கடைக்கு போன் செய்தேன்.

"அக்கா நல்லபடியா ஏறினாங்களா அண்ணாச்சி?"

"இன்னைக்கு ராத்திரிக்குத்தான தம்பி? பொட்டியெல்லாம் கட்டியாச்சு. தோசைக்கல்லுதான் கனமா இருக்கு, அதைக் கையில வச்சுக்கிட விடுவானா?"

விமானக் கம்பெனிக்கு நடு இரவு பன்னிரண்டு மணிக்குக் கிழமை மாறுகிறது. அண்ணாச்சிக்குக் காலையில் சாம்பிராணி போட்டுக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போதுதான் மாறுகிறது. நான் எழுதிய செவ்வாய் ராத்திரி, விமானத்துக்குத் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகே வந்து போய்விட்டது. பத்து மணி நேரத்துக்கு முன்னால் அந்த விமானம் செல்லம்மாளின் காலி இருக்கையோடு சிங்கப்பூருக்குப் பறந்துவிட்டது.

ஹால்தார் பாபுவிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே, "யார் படிச்சாங்க?" என்று கேட்டார்.

"யாரும் படிக்கல சார். நம்ம ஆளுங்களாச்சேன்னு…"

"நம்ம ஆளுங்களுக்காகப் பிளேன் நிக்குமா?"

பிறகு மணி பார்த்தார். அங்கே வியாழன் காலை எட்டு என்றால் இங்கே வியாழன் இரவு ஒன்பதரை. கையில் ஐம்பத்தொன்பது மணி நேரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினார். மூன்று தொலைபேசிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒன்றில் வங்காளியில் கெஞ்சினார், ஒன்றில் ஆங்கிலத்தில் மிரட்டினார், இன்னொன்றில் ஹிந்தியில் யாருடைய மாமனாரின் உடல்நிலையையோ விசாரித்தார். ஒரு மணி நேரத்தில் வழி பிறந்தது. அன்று மாலை ஐந்து மணிக்கு டெல்லி, அங்கிருந்து பின்னிரவு இரண்டரைக்குப் பிராங்க்பர்ட், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ. புதன்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குப் போய் இறங்கலாம். அறுவைக்குப் பத்தொன்பதரை மணி நேரம் முன்னால். வேறு சீட்டே கிடையாது.

அதற்குள் அண்ணாச்சியும் செல்லம்மாளும் பெட்டிகளோடு டாக்சியில் வந்துவிட்டார்கள். அண்ணாச்சியின் முகம் கறுத்திருந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கவலை வேறாக இருந்தது.

"டெல்லிங்கீங்க. அது வடக்கால்லா? இன்னைக்குச் செவ்வாய். வடக்கேதான சூலம்? நீங்கதான தம்பி நூல் பிடிச்சுக் காட்டுனீங்க, அமெரிக்காவே வடக்குன்னு!"

என் நூல் என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. டெல்லி வடமேற்கு என்றேன், வானத்தில் திசை கிடையாது என்றேன், உருண்டையில் வடக்கு என்பது வெறும் பெயர்தான் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. நாளை கிளம்ப முடியாதா என்று அண்ணாச்சி கேட்டார். நாளை புதன், அதுவும் வடக்கே சூலம், சீட்டும் இல்லை. வியாழன் கிளம்பினால் குழந்தை பிறந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மூன்று மணிக்காவது விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

அப்போதுதான் செல்லம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ஏங்க, டம்டம் எந்தப் பக்கம் இருக்கு?"

"வடக்க" என்றார் அண்ணாச்சி.

"ஞாயித்துக்கிழமை போனா எந்தப் பக்கம் இருக்கும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"லேக் மார்க்கெட்ல இருக்கவளுக்கு டம்டம் எல்லா நாளும் வடக்கேதான். நீங்க ரெண்டு பேரும் சேந்து உலகத்தையே உருட்டிப் பாத்தீங்க, டாக்சி எந்தப் பக்கம் போவும்னு பாக்கல. புள்ள அங்கன தனியாக் கிடக்கா. காலண்டர்ல சூலத்துக்குக் கீழயே பரிகாரமும் போட்டிருக்கான். செவ்வாய்க்குப் பால். ஒரு தம்ளர் பாலைக் கொண்டாங்க, நான் கிளம்புதேன்."

என்ன பேச்சு என்று ஹால்தார் பாபு கேட்டார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் செல்லம்மாளே அவரிடம் விளக்கிவிட்டார், நல்ல சுத்தமான வங்காளியில். கடையில் இருபது வருடம் வங்காளிப் பெண்களோடு பேரம் பேசியவர். அண்ணாச்சிக்கு வங்காளியில் எடையும் விலையும் மட்டும்தான் தெரியும். செல்லம்மாளுக்குத்தான் மொழி தெரியாது என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

சூலத்தையும் பாலையும் கேட்டு ஹால்தார் பாபு அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ரோஸ் நிற அட்டை போட்ட பஞ்சிகையை, அதாவது அவர்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். எட்டு வருடமாக அந்த இழுப்பறையில் தீர்ந்துபோன பென்சில்கள்தான் இருக்கின்றன என்று நம்பியிருந்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, "எங்க கணக்குல ஒண்ணே முக்காலுக்குள்ள கிளம்பினா நல்ல நேரம்" என்று செல்லம்மாளிடம் மெதுவாகச் சொன்னார்.

வாசல் டீக்கடையிலிருந்து மண் குவளையில் பால் வந்தது. செல்லம்மாள் வடக்கே பார்த்து நின்று குடித்தார். ஹால்தார் பாபு புதுச் சீட்டை அவர் கையில் கொடுத்து, "படிங்க தீதி" என்று அக்கா முறை வைத்துச் சொன்னார். செல்லம்மாள் நிறுத்தி நிறுத்திப் படித்தார். இரண்டரை மணி, புதன் என்ற இடம் வந்ததும் ஹால்தார் பாபு கையை உயர்த்தினார்.

"அது எந்த ராத்திரி?"

"இன்னைக்கு ராத்திரி" என்றார் செல்லம்மாள், யோசிக்காமல்.

ஹால்தார் பாபு என்னைத் திரும்பிப் பார்த்தார். சரியாக ஒன்று நாற்பதுக்கு டாக்சி கிளம்பியது, வடக்கே.

அன்றும் மறுநாளும் நான் ஆபீசில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யவில்லை. டெல்லியில் தவறியிருப்பாரோ, பிராங்க்பர்ட்டில் தவறான வாசலில் உட்கார்ந்திருப்பாரோ என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மட்டும் தெளிந்துவிட்டார். காலண்டர்படி விடிகிற வரைக்கும் திங்கட்கிழமைதானே, திங்களுக்குக் கிழக்கே சூலம், அந்தச் சிங்கப்பூர் விமானம் தவறியதே ஆண்டவன் செயல் என்று கண்டுபிடித்து, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் தவறு லேக் மார்க்கெட்டில் தெய்வ அருளாகிவிட்டது. அது எனக்கு ஆறுதலாகவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்கு போன் வந்தது. செல்லம்மாள்தான்.

"பொம்பளப் புள்ள தம்பி. கோமதி நல்லா இருக்கா. உள்ள கூட்டிட்டுப் போறவரைக்கும் எங் கையப் பிடிச்சிருந்தா."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆபீசில் எல்லாரும் பார்க்கிறார்களே என்றும் தோன்றவில்லை. "மன்னிச்சுக்குங்க அக்கா. தப்பு என்னுது. செவ்வாய் ராத்திரின்னு எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

செல்லம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"டிக்கெட்டப் பாத்ததுமே எனக்குத் தெரியும் தம்பி, அது திங்கக்கிழமை ராத்திரின்னு. ஊர்லேர்ந்து நம்ம சரக்கு வார பார்சல் வண்டி ஹௌராவுக்கு ராத்திரி பன்னெண்டே காலுக்குத்தான் வரும். ரசீதுல மறுநாள் தேதிதான் போடுவான். வருஷக்கணக்கா நாந்தான எடுத்து வைக்கேன்?"

"அப்புறம் ஏங்கா சொல்லல?"

"அவுககிட்டச் சொன்னேன். நீ என்னைக்குப் பிளேன்ல போன, ஆபீஸ் தம்பியே தமிழ்ல எழுதிக் கொடுத்திருக்காருன்னாக. அதுவும் சரிதான, படிச்சவுக எழுதினதாச்சேன்னு இருந்துட்டேன். நீங்க எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஒரு மணி நேரம் அந்த அம்மாள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நூல் கிடைத்த மகிழ்ச்சியில் நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போனை வைத்த பிறகு ஹால்தார் பாபு நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்காமலே சொல்லிவிட்டேன். அவர் தன் பேரேட்டில் அந்தப் பயணத்தை எழுதினார். நூலின்படி பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, போன வழியில் பதினாறாயிரத்துச் சொச்சம், டம்டம்மில் கிளம்பியது முதல் இறங்கியது வரை முப்பத்து மூன்று மணி நேரம். பயணம் மாறிய காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலியாகவே விட்டுவிட்டு மூடினார். ஓய்வு பெறுகிற வரைக்கும் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசவில்லை. நானும் அதற்குப் பிறகு ஒரு சீட்டைக்கூடப் படிக்கச் சொல்லாமல் கொடுத்ததில்லை.

இதையெல்லாம் சோமாவிடம் சொல்லவில்லை. டிக்கெட்டை மட்டும் வாங்கிப் பார்த்தேன். சனிக்கிழமை, புறப்பாடு 00.55.

"என்னைக்குக் கிளம்பறீங்க?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை ராத்திரி மேஷோ. வண்டிகூடச் சொல்லியாச்சு."

"உன் மாமியாரைக் கொஞ்சம் கீழே வரச் சொல்லு."

"அவங்க எதுக்கு? அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது, எங்கிட்டச் சொல்லுங்க."

"வரச் சொல்லும்மா."

மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். எனக்கு அவர் பௌதி, அதாவது அண்ணி முறை. நாற்காலியில் உட்கார வைத்து டிக்கெட்டை அவர் கையில் கொடுத்தேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார்.

"பௌதி, வீட்டுல கடைசியா ராத்திரிச் சாப்பாடு என்னைக்குச் சாப்பிடப் போறீங்க?"

அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை. மூணு நாளாச் சொல்லிட்டிருக்கேன், இந்த வீட்டுல யார் கேக்கறா?"